முக்கால் மூடிய வால்வு

அத்தியாயம் 2

“மீனுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றதுல எங்க அம்மாவை அடிச்சுக்க ஆளே கெடையாதுக்கா. என்ன, ரிப்போர்ட் தட்டுலதான் வரும்.”

சொல்லிவிட்டு உதவியாளன் சிவமுருகன் வலைக்கம்பைக் குளத்தின் விளிம்பில் சாய்த்து வைத்தான். வலைக்குள், முழங்கை நீளத்தில், ஆரஞ்சும் வெள்ளையுமாக கோய் என்கிற அழகு மீன் ஒன்று விறைத்துக் கிடந்தது. அல்லி இலைகளுக்கு அடியில் சிக்கியிருந்த கடைசி மீன் அது. மற்றவற்றையெல்லாம் நேற்றே அள்ளிப் புதைத்துவிட்டார்கள்.

அமிர்தவல்லி சிரிக்கவில்லை. வெள்ளனே பழனியிலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். காவல் துறையில் ஓடித் தேய்ந்த முழங்கால்கள் கொடைக்கானல் குளிரில் தனித்தனியாக வலித்தன. ஐம்பதைத் தாண்டிய வயதில், தனியார் துப்பறிவாளர் என்று பலகை மாட்டிக்கொண்டு, செத்த மீனுக்காக மலையேறி வந்திருப்பதை நினைத்தால் அவளுக்கே அலுப்பாக இருந்தது.

ஆனால் விஷயம் மீனோடு முடியவில்லை. மீனைக் கொன்றதாக ஒரு மனிதரை நேற்று சாயங்காலம் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. இன்று மதியத்துக்கு மேல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்த மனிதர் நல்லையா. இந்த வீட்டுத் தோட்டத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டவர். வீட்டுக்காரர் கிபாயத்துல்லா, ஆடலூர் மிளகை வாங்கி விற்றுப் பெரிய ஆளானவர். கடையை விட்ட பிறகு அவருடைய உலகமே இந்தக் கொல்லைக் குளமும் கோய் மீன்களும்தான். வீட்டின் முன்பாதியை மகன் அப்சல் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஹோம்ஸ்டேயாக மாற்றியிருந்தான். போன மாதம் குளத்தை மூடி கார் நிறுத்த இடம் செய்யலாமென்று அப்சல் பேச்செடுக்க, நல்லையா கத்தியிருக்கிறார்: “மீனெல்லாம் செத்தாத்தான் இந்த வீட்டுல ஒங்களுக்கு நிம்மதி!” கத்திவிட்டு வேலையையும் விட்டுப் போய்விட்டார். நேற்று விடிந்தபோது மீன்கள் செத்து மிதந்தன. நல்லையா வீட்டில் பாதி காலியான பூச்சிமருந்து பாட்டில் கிடைத்தது.

“அவன்தான்னு எனக்குத் தெரியும்” என்று பின்கட்டுப் படியில் நின்று சொன்னார் சர்புன்னிசா. கிபாயத்துல்லாவின் மனைவி. அமிர்தவல்லியைக் கூப்பிட்டது இவர்தான். “மருந்து பூம்பாறையில குத்தகைக்கு எடுத்த பூண்டுத் தோட்டத்துக்கு வாங்குனதுன்னு சொல்றானாம். எஸ்.ஐ. ஆதாரம் பத்தலைங்கிறார். நீங்க அதை மட்டும் எடுத்துக் குடுங்க. எங்க வீட்டுக்காரரு அந்த மீனைப் பாத்துட்டுத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு. நேத்துலருந்து ஒரு வாய் கஞ்சி எறங்கல.”

அவர் கண்களைச் சுற்றிக் கருவளையம். பல ராத்திரிகள் தூங்காத முகம். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“ஒரு வகையில நல்ல சாட்சிக்கா இந்த மீனு” என்றான் சிவமுருகன். “எதுவும் பேசாது, வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடும். நாம கோர்ட்டுல பாத்த சாட்சிகளும் அப்படித்தான்.”

“ஏலே, செத்ததுக்கு வாய் தொறந்து கெடக்கு. செவுளைப் பாரு.”

“வெளுத்துப் போயிருக்கு. விரிஞ்சும் இருக்கு.”

அமிர்தவல்லி மெதுவாகக் குனிந்தாள். முழங்கால் சொடக்கு விட்டது. அவள் பார்த்தது குளத்துச் சுவரை. அதில் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கரையோரக் கலங்கலில் தலைப்பிரட்டைகளும் தண்ணீர்ப்பூச்சிகளும் கூட்டமாக நெளிந்தன. ஒரு தட்டான் அல்லித் தண்டில் வந்து உட்கார்ந்து, பறந்து, மறுபடியும் உட்கார்ந்தது.

“பூண்டுத் தோட்டத்துல அடிக்கிற மருந்து எதைக் கொல்லும்?” என்று கேட்டாள்.

“பூச்சியை.”

“பூச்சி உசிரோட இருக்கு. நத்தை உசிரோட இருக்கு. மீனு மட்டும் செத்திருக்கு. இந்த மருந்துக்கு அவ்வளவு விவரமா?”

சிவமுருகன் தலையைச் சொறிந்தான். “மருந்துக் கம்பெனிக்காரன் கேட்டா அழுதுருவான்.”

“மீனுலயும் எல்லாம் சாகல. அந்த மூலையைப் பாரு.”

குளத்தின் மேல்மூலையில், விரல் நீளக் குஞ்சு மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு மேலே மிதந்து வாயைப் பிளந்தபடி இருந்தன. அந்த மூலையில்தான் ஒரு கல் விளிம்பிலிருந்து தண்ணீர் கசிந்து குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால், இடுப்புயரத் தொட்டி ஒன்று. தொட்டி நிறையச் சரளைக்கல். கல்லுக்குள் வேரோடி, வசம்பும் சேம்பும் கல்வாழையும் அடர்ந்து நின்றன.

அமிர்தவல்லி போனை எடுத்தாள். பழனி பஜாரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சஃபீர் அவளுக்குப் பழக்கம்.

“பெருசு எல்லாம் செத்து, சின்னது மட்டும் பொழச்சிருக்கா?” என்றான் சஃபீர். “அப்ப மூச்சு முட்டித்தான்க்கா. பெருசுக்கு நெறையக் காத்து வேணும், அதுதான் மொதல்ல போகும். குளத்துக்குப் பக்கத்துல என்ன வச்சிருக்காங்க?”

“சரளைக்கல் போட்ட தொட்டி. அதுல செடி.”

“ஆங், கல்லுப் பாத்தி. மோட்டார் குளத்துத் தண்ணியை இழுத்து, பாத்திக்கு அடியில விடும். தண்ணி கல்லு வழியா மேல ஏறி வரும். அழுக்கு கல்லுல தங்கிரும், செடி அதைத் தின்னுக்கும், சுத்தமான தண்ணி குளத்துல விழும். அதுல சூட்சுமம் ஒண்ணுதாங்க்கா. எவ்வளவு வேகத்துல விடணுங்கிறது.”

“வேகமா விட்டா நல்லதா?”

“ரொம்ப வேகமா விட்டா அழுக்கு தங்காது, திரும்பக் குளத்துக்கே போயிரும். ரொம்ப மெதுவா விட்டா அதைவிட மோசம். பாத்திக்கு அடியில காத்துப் போகாம அழுகிரும். அழுகுன பாத்தி தண்ணியில இருக்கிற காத்தையும் உறிஞ்சிரும். குளத்துத் தண்ணி மொத்தமும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பாத்தி வழியாப் போய் வரணும். குளம் எவ்வளவு கொள்ளும்?”

அமிர்தவல்லி கண்ணால் அளந்தாள். “ஒரு டேங்கர் லாரித் தண்ணி.”

“அப்ப விழுற எடத்துல ஒரு வாளியைப் புடிங்க. பத்து எண்ணுறதுக்குள்ள நெறையணும்.”

சிவமுருகன் தோட்டத்து வாளியைக் கொண்டுவந்து கல் விளிம்புக்குக் கீழே பிடித்தான். பத்து எண்ணினான். இருபது எண்ணினான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தான். பல்லவியும் முதல் சரணமும் முடிந்தபோதும் வாளியில் முக்கால்தான் நிறைந்திருந்தது.

“இதுக்கு நான் அழுதாலே வெரசா நெறைஞ்சிரும்க்கா.”

அமிர்தவல்லி ஒரு குச்சியை எடுத்துச் சரளைக்குள் ஆழமாகச் செருகி இழுத்தாள். குச்சியின் நுனி கன்னங்கரேலென்று வந்தது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அறைந்தது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“குஞ்சுகளைக் காப்பாத்தணும்னா?” என்று போனில் கேட்டாள்.

“தண்ணியை மொண்டு உசரத்துலருந்து ஊத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. காத்துக் கலக்கும். இன்னொண்ணுக்கா, முக்கியம். வால்வை ஒரேயடியாத் தொறந்துராதீங்க. அடியில தேங்குன கருப்பு மொத்தமும் குளத்துக்குள்ள வந்து, இருக்கிறதையும் கொன்னுரும்.”

போனை வைத்துவிட்டு அவள் சிவமுருகனைப் பார்த்தாள். அவன் வாளியைப் பார்த்தான்.

“நான்தானா?”

“நீதான்.”

“எங்கம்மா என்னைய டிகிரி படிக்க வச்சது இதுக்குத்தான்” என்றபடி அவன் தண்ணீரை மொண்டு தலைக்கு மேலிருந்து ஊற்ற ஆரம்பித்தான். குஞ்சுகள் முதலில் சிதறி ஓடின. கொஞ்ச நேரத்தில், தண்ணீர் விழும் இடத்துக்குத் திரும்பி வந்தன.

வால்வு தொட்டிக்குப் பின்னால் இருந்தது. நெம்பி மூடும் கைப்பிடி வைத்தது. கைப்பிடி குழாய்க்கு ஏறக்குறைய குறுக்காக நின்றது. முழுக்க மூடவில்லை, முக்கால் மூடியிருந்தது. குழாயெல்லாம் பச்சைப் பாசி. ஆனால் குழாயின் நீளத்தை ஒட்டினாற்போல் ஓர் இடத்தில், விரல் அகலத்துக்குப் பாசியே இல்லாத வெள்ளைக் கோடு. கைப்பிடி வருடக்கணக்காக அந்த இடத்தில் படுத்திருந்து, அடியில் பாசி பிடிக்க விடாமல் செய்திருக்கிறது. கோட்டின் மேல் இப்போதுதான் லேசாகப் பச்சை படர ஆரம்பித்திருந்தது. யாரோ கொஞ்ச நாளைக்கு முன்னால் திருப்பியிருக்கிறார்கள்.

“அப்சல் தம்பி” என்று கூப்பிட்டாள் அமிர்தவல்லி.

அப்சல் முன்பக்கத்திலிருந்து வந்தான். முப்பது வயதுக்காரன், கையில் கார் சாவிக்கொத்து. சீசன் நேரம், எல்லா அறையும் நிறைந்திருந்தது. வாளியும் கையுமாக நின்ற சிவமுருகனைப் பார்த்து விழித்தான்.

“இந்த வால்வைத் தொட்டீங்களா?”

“நானா? எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது மேடம். நல்லையாண்ணன்தான் எல்லாம்.”

“குளத்தை மூடணும்னு நெனச்சது நீங்கதானே?”

அவன் முகம் சிவந்தது. “நெனச்சேன். அத்தாவுக்கு ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடி. ஆஸ்பத்திரியிலருந்து அவர் வந்தப்புறம், அதைப் பத்தி நான் பேசக்கூட இல்லை. மதுரையில ஐ.சி.யூ.ல கெடந்தப்ப அவர் வாயிலருந்து வந்த மொத வார்த்தையே மீனுதான். அதுக்குத்தான் பின்ரூம்ல ஜன்னலோரமா கட்டில் போட்டோம்.” சாவிக்கொத்தைக் கை மாற்றிக்கொண்டே சொன்னான்: “அதோட, கெஸ்ட்டுங்க வர்றதே கல்லுலருந்து தண்ணி விழுற அந்த ஃபால்ஸ் சத்தத்துக்குத்தான். போட்டோல அதைத்தான் போட்டுருக்கேன். பன்னு வாங்கி மீனுக்குப் போட்டுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. இப்பக் கொஞ்ச நாளாத் தண்ணிச் சத்தமே கேக்கலைன்னு கம்ப்ளெயின்ட் வேற. மோட்டார் பழசாயிருச்சுன்னு நெனச்சேன்.”

“எப்பலருந்து சத்தம் கொறைஞ்சது?”

“அத்தா வீட்டுக்கு வந்து... ஆங், அவர் ராத்திரி கட்டில்லருந்து கீழ விழுந்தாரே, அதுக்கப்புறம்தான்.”

“அப்ப நல்லையா?”

“அவர் அதுக்கு முன்னாடியே வேலையை விட்டுப் போயிட்டாரு.”

அமிர்தவல்லி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். விடை கிடைக்கும்போது அவளுக்கு எப்போதும் சந்தோஷம் வருவதில்லை. காவல் துறையை விட்டு வந்ததற்கும் அது ஒரு காரணம்.

“என்னக்கா, முகம் இப்படிப் போகுது?” என்றான் சிவமுருகன், ஊற்றுவதை நிறுத்தாமல்.

“மீனைக் கொல்லணும்னு நெனச்சவன் வால்வை என்ன பண்ணுவான்?”

“முழுசா மூடுவான்.”

“கரண்டை மிச்சம் பண்ணணும்னு நெனச்சவன்?”

“சுவிட்சை அமத்துவான்.”

“இங்க மோட்டார் ஓடுது. தண்ணியும் போகுது. முக்கால்தான் மூடியிருக்கு. மூடுன ஆளு மீனும் சாகக் கூடாதுன்னு நெனச்சிருக்கு, தண்ணியும் நிக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கு. அப்ப அந்த ஆளுக்கு எதை நிறுத்தணும்?”

சிவமுருகன் கை நின்றது. தண்ணீர் விழும் ஓசை நின்றதும் கொல்லை நிசப்தமானது. பின்ரூம் ஜன்னலுக்குள்ளிருந்து, வறண்ட தொண்டையில் யாரோ இருமுவது தெளிவாகக் கேட்டது.

“சத்தத்தை” என்றான் அவன், தாழ்ந்த குரலில்.

பின்ரூம் கதகதப்பாக இருந்தது. கிபாயத்துல்லா சாய்ந்து படுத்திருந்தார். வாட்டசாட்டமான மனிதர். வலப்பக்கம் முழுக்கச் சோர்ந்து, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஜன்னல் வழியே குளமும் கல் தொட்டியும் வால்வும் நேர் எதிரே தெரிந்தன.

அமிர்தவல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அய்யா, நீங்க பாத்தீங்கதானே? யாரு மூடினாங்கன்னு?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்க ராத்திரி தண்ணி கேட்டுக் கூப்பிட்டிருக்கீங்க. ஒங்க குரல் எழும்பல. ஃபால்ஸ் சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்த ஒங்க வீட்டம்மாவுக்குக் கேக்கல. நீங்களா எந்திரிக்கப் பாத்து விழுந்துட்டீங்க. மறுநாளு அவங்க போய்ச் சத்தத்தைக் கொறைச்சாங்க. நீங்க கூப்பிட்டா கேக்கணும்னு.”

கிபாயத்துல்லாவின் இடது கை போர்வையைப் பிசைந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, உடைந்து உடைந்து வந்தன.

“அவளுக்கு... தெரிய வேணாம்.”

“மீனு சாகும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. வால்வைத் தொறக்கச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லலாம்னு... நெனச்சேன். கூப்பிட்டா கேக்கும்னு... ரெண்டு ராத்திரி... அவ தூங்குனா. ரொம்ப நாளைக்கு அப்புறம்... தூங்குனா.” கண்ணோரம் ஈரம் வழிந்தது. “மீனு தாங்கும்னு... நெனச்சேன். தாங்கல. நேத்து கேசு வேணாம்னேன். அப்சல் கேக்கல. எனக்கு... புத்தி கொழம்பிருச்சுங்கிறான்.”

“நல்லையா லாக்கப்புல இருக்காருய்யா. இன்னைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்: “நான் மூடுனேன்னு... சொல்லிருங்க.”

“கட்டிலை விட்டு எறங்க முடியாத ஆளு வால்வை மூடினாருன்னு நான் போய்ச் சொன்னா, எஸ்.ஐ. நல்லையாவை விட்டுட்டு என்னைய உள்ள வைப்பாரு.”

“அப்ப... தானா மூடிக்கிச்சுன்னு சொல்லுங்க. அவ மட்டும்... வேணாம். என் மீனை அவ கையால கொன்னான்னு தெரிஞ்சா... தாங்க மாட்டா.”

அமிர்தவல்லி ஜன்னல் வழியே வால்வைப் பார்த்தாள். இவ்வளவு வருடத்தில் குற்றவாளிகள் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். குற்றம் செய்தவளுக்கே அது தெரியக் கூடாதென்று யாரும் கெஞ்சியதில்லை. அந்தக் கெஞ்சலுக்கு இணங்கினால் ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும். இன்னொரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். அவள் வாயைத் திறக்கும் முன் பின்னால் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

கஞ்சிக் கிண்ணம். வாசலில் சர்புன்னிசா நின்றிருந்தார். கஞ்சி சேலையெல்லாம் தெறித்திருந்தது.

“தண்ணி போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு?” என்றார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. “நான் முழுசா மூடலையே. கொஞ்சம் விட்டுத்தானே வச்சேன்? மீனுக்கு வேணும்னுதானே விட்டு வச்சேன்?”

கிபாயத்துல்லா இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. திடீரென்று திரும்பி, செருப்புக்கூட இல்லாமல் கொல்லைக்கு ஓடினார்.

அமிர்தவல்லிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. முழங்கால் வலியை மறந்து அவளும் ஓடினாள். “சிவா! வால்வு! விடாதே!”

சிவமுருகன் வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். சர்புன்னிசா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். கல் விளிம்பில் கருப்பாக ஒரு கோடு வழிய ஆரம்பித்தது. சிவமுருகன் கைப்பிடியை மறுபடி தள்ளினான். “அம்மா, அம்மா, விடுங்கம்மா! ஒரேயடியாத் தொறந்தா குஞ்சுகளும் செத்துரும்மா!”

அந்தச் சொல்லைக் கேட்டதும் நெருப்பைத் தொட்டதுபோல் அவர் கையை எடுத்தார். எடுத்த கைகளை முகத்துக்கு முன்னால் விரித்து வைத்துப் பார்த்தார்.

“இன்னொரு தடவை செய்யப் பாத்தேனே” என்றார்.

அமிர்தவல்லி மூச்சு வாங்க அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “ஒரு நூல் அளவு மட்டும் தொறப்போம். நாளைக்கு இன்னும் ஒரு நூலு. மெதுவாத்தான் சரி பண்ணணும்.” அப்சலைப் பார்த்தாள். அவன் படியில் உறைந்து நின்றிருந்தான். “தம்பி, வாளியை வாங்குங்க. ஊத்திக்கிட்டே இருங்க. கெஸ்ட்டு யாரும் பன்னு போடக் கூடாது.”

அப்சல் சாவிக்கொத்தைப் படியில் வைத்துவிட்டு வந்து வாளியை எடுத்தான்.

சர்புன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஸ்டேஷன் போகணும்” என்றார்.

“நான் போய்ப் பேசிக்கிறேன். நீங்க அய்யாகிட்ட இருங்க.”

“புகார் குடுத்தது நான். நானே போறேன்.” ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்தபடி உள்ளே பார்த்துச் சொன்னார்: “ஏங்க, போயிட்டு வந்துர்றேன். அப்சல் இங்கதான் இருக்கான். கூப்பிட்டா கேக்கும்.”

உள்ளே கிபாயத்துல்லாவின் இடது கை மட்டும் மேலே எழுந்து இறங்கியது.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. சக்திவேல் கோர்ட்டுக்குப் போக வண்டிக்குச் சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சர்புன்னிசா சொன்னதைக் கேட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, நேத்து அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிக் கேஸ் குடுத்தீங்க. இன்னைக்கு நானே கொன்னேங்கிறீங்க. வெளையாட்டா இருக்கா?”

“வெளையாட்டு இல்லைங்க. நான்தான் கொன்னேன். தெரியாம கொன்னேன். அந்த ஆளு மேல பழியும் போட்டேன்.”

அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படித்தான் சொன்னார். ஒரு ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நத்தையையும் கருப்புச் சரளையையும் வால்வையும் பற்றி அமிர்தவல்லி சுருக்கமாக எடுத்துச் சொன்னாள். சக்திவேல் முழுக்கக் கேட்டார். பிறகு சலித்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்தார்.

“கூட்டிட்டுப் போங்க. இதை எப்படி எழுதறதுன்னு நான் யோசிச்சுக்கிறேன்.”

நல்லையா வெளியே வந்தார். சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூசி நின்றார். வாசல் ஓரத்தில் அவர் மனைவி மேனகா, விடிந்ததிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தாள். புருஷனைப் பார்த்ததும் எழுந்தாள். பின்னால் வந்த சர்புன்னிசாவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

“தப்பு எம்பேர்லதான் மேனகா” என்றார் சர்புன்னிசா. “உள்ள சொல்லிட்டேன். எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன். நல்லையா, என்னைய மன்னிச்சிருப்பா.”

நல்லையா தரையைப் பார்த்தார். “பெரியவரு எப்படி இருக்காரு?” என்று மட்டும் கேட்டார்.

மேனகா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். கோபம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வெளியே வரும்.

“உள்ள சொன்னா சரியாப் போச்சுங்களா? போலீஸ் நேத்து எங்க லயத்து வாசல்லதான் ஜீப்பை நிப்பாட்டிச்சு. இவரைச் சட்டையைப் பிடிச்சுத்தான் ஏத்தினாங்க. அவ்வளவு சனமும் பாத்துக்கொண்டு நின்னிச்சு. விஷம் வச்ச ஆளுன்னு எங்க பிள்ளையைப் பாத்துக் கதைச்சாங்க. இங்க இருக்கிற போலீஸ்காரனுக்குத் தெரிஞ்சு எங்களுக்கு என்ன ஆகப் போகுது? அங்க வந்து சொல்லுங்க.”

“மேனகா, விடு” என்றார் நல்லையா.

“விட மாட்டேன்.”

சர்புன்னிசா திரும்பி அமிர்தவல்லியைப் பார்த்தார். “வண்டியில எடம் இருக்குமாம்மா?”

ஊருக்குக் கீழே, சரிவில், இரண்டு வரிசையாக இறங்கின மேனகா சொன்ன லயத்தின் லைன் வீடுகள். சிவமுருகன் அமிர்தவல்லியின் ஜீப்பை நிறுத்தியதும், குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்லையா இறங்கியதும் ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

சர்புன்னிசா இறங்கி நேரே குழாயடிக்குப் போனார்.

“நான் கிபாயத்துல்லா வீட்டுக்காரி” என்றார். “குளத்து மீனு செத்தது என்னாலதான். நல்லையா ஒண்ணும் பண்ணல. நான் பொய்யாப் பழி போட்டேன்.”

குழாய் திறந்தபடி குடம் நிறைந்து வழிந்தது. யாரும் மூடவில்லை.

“போதும்மா” என்றார் நல்லையா. அவர் முகம் தவித்தது. “வயசான காலத்துல... போதும். எல்லாரும் கேட்டுட்டாங்க.”

“கீழ் வரிசை கேக்கல” என்றாள் மேனகா.

சர்புன்னிசா தலையாட்டினார். சேலையில் காய்ந்த கஞ்சிக் கறையோடு, கீழ் வரிசைக்கு இறங்கும் படிகளைப் பார்த்து நடந்தார். முதல் கதவில் நின்று சொன்னார். இரண்டாவது கதவில் காது கேட்காத ஒரு கிழவருக்காகத் திரும்பத் திரும்ப, உரக்கச் சொன்னார். அந்த வீட்டைத் தாண்டியதும் படிகள் செங்குத்தாக இறங்கின. பாசி பிடித்த கல். அவர் ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்ததை வைக்கத் தெரியாமல் நின்றார்.

அமிர்தவல்லி ஜீப்பிலிருந்து இறங்கப் போனாள். அதற்குள் மேனகா விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டிருந்தாள். சர்புன்னிசாவின் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி, அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கதவையும் அவளே தட்டினாள்.

கதவு திறந்தது. சர்புன்னிசா மறுபடியும் ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற மேனகாவின் முகம் இறுகியபடியே இருந்தது. பிடித்த கையை மட்டும் அவள் விடவில்லை.